பரணில் இருக்கும் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

பழைய சுவடி, புத்தகம், பத்திரம், சிலை ஆகியவற்றை வீட்டிலும் சிறு நூலகங்களிலும் எப்படிக் காப்பாற்றுவது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சுவடி நூலகம் ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மையார் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா சித்த வைத்தியர். பரணில் ஒரு மரப்பெட்டிக்குள் அவருடைய ஏட்டுக்கட்டுகள் கிடைத்தன. சில ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் எழுத்தே தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் சித்தப்பா. செய்யலாமா அம்மா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம் அம்மா. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை. ஓலைக்கு எண்ணெய் வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் தேங்காய் எண்ணெய் ஆவியாகாது. ஏட்டின் மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும், ஏடும் கறுத்துப் போகும். சுவடி நூலகங்களில் பயன்படுத்துவது எலுமிச்சம்புல் தைலம் அல்லது சிட்ரோனெல்லா தைலம். அது காய்ந்துபோன ஓலையைக் கொஞ்சம் வளையச் செய்துவிட்டு, பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். அந்த வாசனைக்குப் பூச்சியும் எளிதில் அண்டாது. வெயிலோ, ஓலையில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பிறகு தொட்டாலே நொறுங்கும்.

முதல் வேலையாக, பெட்டிக்குள் எப்படி இருந்ததோ அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டு மேலே இருந்தது, எது அடியில் இருந்தது, எந்தக் கயிறு எதில் இருந்தது, எல்லாம் பதிவாகட்டும். ஏட்டின் இடது ஓரத்தில் பெரும்பாலும் க, உ, ங என்று தமிழ் எண்கள் இருக்கும். அந்த வரிசை கலையக் கூடாது. வைத்தியச் சுவடியில் மருந்தின் சரக்கு ஒரு ஏட்டில் இருக்கும், அளவு அடுத்த ஏட்டில் இருக்கும். கலைந்தால் சேர்ப்பது பெரும்பாடு. உடைந்து விழுந்த துண்டுகளைக் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். ஒரு காகித உறையில் போட்டு, எந்தக் கட்டில் விழுந்தது என்று பென்சிலால் எழுதி, அந்தக் கட்டோடேயே வையுங்கள்.

ஒட்டிய ஏடுகளைக் கத்தியாலோ நகத்தாலோ பிரிக்க வேண்டாம். எழுத்து இருப்பது ஓலையின் மேல்தோலில். இழுத்தால் ஒரு ஏட்டின் தோல் உரிந்து பக்கத்து ஏட்டோடு போய்விடும், இரண்டுமே பாழ். நாங்கள் மூடிய பெட்டிக்குள் ஈரக்காற்று மட்டும் படும்படி வைத்து ஓலையை இளக விடுவோம். அப்புறம் வழவழவென்று சீவிய மூங்கில் சிலாம்பை ஓரத்தில் நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவோம். பழகின கைக்கே மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. அதை எங்களைப் போன்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

எழுத்துத் தெரியவில்லை என்பதற்காக மனம் உடைய வேண்டாம். எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலைக்குள் பள்ளமாக இருக்கிறது. அதில் ஏற்றிய கரி உதிர்ந்திருக்கலாம், அல்லது அவர் மை ஏற்றாமலே விட்டிருக்கலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை ஏட்டின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். ஒவ்வொரு கீறலின் விளிம்பிலும் நிழல் விழும். ஒன்றுமே இல்லாத ஏட்டில் 'சுக்கு', 'வெருகடி' (மூன்று விரலால் அள்ளும் அளவு) என்று சொற்கள் எழும்பி வரும். அந்த வெளிச்சத்திலேயே படமும் எடுத்துவிடலாம்.

நூலகத்தில் மை ஏற்றும்போது விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பஞ்சால் ஏடு முழுக்கத் தடவுவோம். ஏடு மொத்தமும் கறுப்பாகிவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். பிறகு சுத்தமான துணியால் நீளவாக்கில் துடைக்கத் துடைக்க மேலே உள்ள கரி போய்விடும், பள்ளத்தில் உள்ளது மட்டும் தங்கி வரிவரியாக எழுத்து நிற்கும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அந்த நிமிஷம் அலுத்ததே இல்லை. ஆனால் வீட்டில் இதை முயல வேண்டாம். ஏட்டில் வெடிப்போ வண்டுத் துளையோ இருந்தால் கரி அங்கேயும் ஏறிக்கொள்ளும்.

நீங்கள் செய்யக்கூடியது: மெல்லிய மயிர் பிரஷ்ஷால் தூசியை நீளவாக்கில் தட்டுங்கள், குறுக்கே வேண்டாம். கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சிக்கு அதுவே சாப்பாடு. கட்டுக்கு மேலும் கீழும் வைக்கும் மரச்சட்டத்தின் மேல் கயிற்றை இறுக்கிக் கட்டாமல், ஏடு நகராத அளவுக்குக் கட்டினால் போதும். வசம்பைச் சிறு முடிச்சாகக் கட்டி ஏட்டில் படாமல் பெட்டி ஓரத்தில் வையுங்கள். வாசனை போனதும் மாற்றுங்கள்.

அப்புறம் சென்னைக் கோட்டூர்புரத்தில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். ஏட்டைக் கொடுக்க மனமில்லை என்றால், சுத்தம் செய்து படம் மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை. விலைக்குக் கேட்டு யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். 75 ஆண்டு தாண்டிய, மதிப்புள்ள சுவடி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏட்டை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், கையைக் காலைப் பிடித்தாவது தடுத்துவிடுங்கள். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராகப் போனபோது ஆற்றில் விட்டதையும் நெருப்பில் இட்டதையும் கேட்டு நொந்துபோனதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நம் வெக்கையிலும் ஈரத்திலும் ஓலை 200, 300 ஆண்டு தாங்குவதே பெரிது. அதனால்தான் தலைமுறைதோறும் பிரதி எடுத்தார்கள். பிரதி எடுக்கும் வழக்கம் நின்றுபோய், ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் மிஞ்சியதால் எத்தனையோ நூல் போயிற்று.

கேள்வி: புத்தக அலமாரியில் அந்துருண்டை போடலாமா? வேப்பிலை?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அந்துருண்டை வேண்டாம். திறந்து மூடும் அலமாரியில் அது பூச்சியைக் கொல்வதில்லை. அதன் ஆவியைச் சுவாசிப்பது நமக்குத்தான் கெடுதல், குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். வேப்பிலை வைப்பதானால் நிழலில் நன்றாகக் காய்ந்த இலையாக இருக்கட்டும். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவந்து பூசணம் பிடிக்க வைக்கும்.

பூச்சிக்குப் பெரிய எதிரி உங்கள் கண்தான். வெள்ளிமீன் பூச்சி இருட்டிலும் ஈரத்திலும் யாரும் தொடாத இடத்திலும்தான் பெருகும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மாதம் ஒரு தடவை புத்தகங்களை எடுத்துத் தட்டி, இடம் மாற்றி வையுங்கள். துளைத்துக்கொண்டு போகும் வண்டுப்புழு இருக்கும் புத்தகத்துக்கு அடியில் மாவு போலப் பொடி உதிர்ந்திருக்கும். அதை உடனே பாலிதீன் பையில் காற்று இல்லாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரிக் குளிரில் புழுவும் முட்டையும் சாகும். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் வெளியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் உள்ள ஈரம் புத்தகத்தின் மேல் வேர்த்து நிற்கும்.

கேள்வி: அப்பா பெயரில் உள்ள பழைய கிரயப் பத்திரம் மடிப்பு மடிப்பாகக் கிழிகிறது. செல்லோடேப் ஒட்டினேன். இப்போது லேமினேட் செய்யலாம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். கடையில் செய்யும் லேமினேஷன் சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கிக் காகிதத்தோடு ஒட்டிவிடுகிறது. பிறகு காகிதத்துக்குச் சேதமில்லாமல் அதைப் பிரிக்க வழியே இல்லை. உள்ளே காகிதத்தின் அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் எதைச் செய்தாலும் பின்னால் வருபவர் அதைக் கழற்றி எடுக்க முடிய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டுப் பத்திரத்துக்கும் அந்த விதிதான்.

செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, காகிதத்துக்குள் இறங்கிவிடும். அந்தக் கறை லேசில் போகாது. ஒட்டியதை இழுத்துப் பிய்க்காதீர்கள், மை பெயர்ந்து வந்துவிடும். காகிதப் பாதுகாப்பாளரிடம் காட்டினால், மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் பின்பக்கம் ஒட்டித் தருவார். தண்ணீரில் இளகிவிடும் பசை அது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதுவரை பத்திரத்தை மடிக்காமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் தட்டையான கோப்பில் வையுங்கள். துருப்பிடிக்கும் குண்டூசி, ஸ்டேப்பிள், கிளிப் எதுவும் கூடாது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் தண்ணீர் புகுந்தது. நனைந்த புத்தகங்களை மொட்டை மாடியில் வெயிலில் விரித்தோம். வளைந்து, ஒட்டி, பூசணம் பிடித்துக் கடைசியில் எடைக்குப் போட்டோம். மறுபடி இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?
– படிப்பக உறுப்பினர் ஒருவர், ஏரல்

பதில்: தம்பி, தாமிரபரணிக் கரை முழுக்க அந்த நாட்களில் வீட்டையும் மாட்டையும் காப்பாற்றவே நேரமில்லை. நீங்கள் புத்தகத்தைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனதே பெரிய காரியம்.

நனைந்த காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூசணம் கிளம்பிவிடும். அந்த இரண்டு நாள்தான் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காய வைக்க முயன்றால் எதுவும் காயாது. முதலில் பிரியுங்கள். கடையில் மறுபடி கிடைக்கும் புத்தகம், கிடைக்காத புத்தகம். கிடைக்காததற்கு மட்டும் உழையுங்கள். வருகைப் பதிவேடும் உள்ளூர் விழா மலர்களும் கையெழுத்துப் பிரதிகளும் முதல் வரிசை.

ஓரம் மட்டும் நனைந்தவற்றை நிமிர்த்தி, அட்டையை விசிறி போல் லேசாக விரித்து, மின்விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். வெயில் கூடவே கூடாது. மேல் தாள் சடாரென்று காய்ந்து சுருங்கும், உள் தாள் ஈரமாகவே இருக்கும், அதனால்தான் உங்கள் புத்தகங்கள் வளைந்தன. நன்றாக நனைந்தவற்றில் நாலைந்து தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத் தாளையோ கிழித்த பழைய வேட்டித் துணியையோ நுழைத்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் புத்தகம் காயும்போது கல் போல ஒட்டிக்கொள்ளும். அதைக் காய விடாமல் உடனே உறைய வைப்பது ஒன்றே வழி.

உறைய வைப்பதா என்று திகைக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் மீனுக்கான குளிர்கிடங்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு புத்தகத்தையும் பாலிதீனில் சுற்றி, பெட்டியில் முதுகு கீழாக அடுக்கி அங்கே கொண்டுபோய் வைக்க இப்போதே ஒருவரிடம் பேசி வையுங்கள், வெள்ளம் வந்த பிறகு தேடாதீர்கள். உறைந்த புத்தகத்தில் பூசணம் வளராது. நிலைமை சரியானதும் பத்துப் பத்தாக எடுத்து நிதானமாகக் காய வைக்கலாம்.

1966 நவம்பர் 4-ஆம் தேதி இத்தாலியில் ஆர்னோ ஆறு கரை உடைத்து ஃப்ளாரன்ஸ் நகர தேசிய நூலகத்தில் புகுந்தபோது இந்த அறிவு யாரிடமும் இவ்வளவு இருக்கவில்லை. பல நாட்டு மாணவர்கள் வரிசையாக நின்று சேற்றிலிருந்து புத்தகங்களைக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். புகையிலை உலர்த்தும் கொட்டகைகளில்கூட புத்தகங்களைக் காய வைத்தார்கள். பிறகு அங்கே வந்து சேர்ந்த நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து கற்றதுதான் இன்று உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. அங்கே முன்னால் நின்றவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள்.

உங்கள் படிப்பகத்துக்கு ஒரு யோசனை. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பதிவேடுகளைக் கடைசித் தட்டில் வைக்கும் பழக்கத்தை நாளைக்கே மாற்றுங்கள். பூசணம் பிடித்த புத்தகத்தைத் தொட்டால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வெளியில் வைத்துப் பிரஷ்ஷால் தட்ட வேண்டுமே தவிர, ஈரத்தில் துடைத்தால் பூசணம் காகிதத்துக்குள் தேய்ந்து இறங்கும்.

கேள்வி: வீட்டில் பரம்பரையாக வந்த சிறிய வெண்கலச் சிலையில் வெளிர் பச்சைப் பொடி பூக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போகிறது, மறுபடி வருகிறது.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா. தினமும் ஏற்றும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது வேறு. உங்கள் சிலையில் பூப்பது வெண்கல நோய். உலோகத்துக்குள் போயிருக்கும் குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்று பச்சைப் பொடியாக வெளியே தள்ளுகிறது. புளியின் அமிலமும் கழுவும் தண்ணீரும் அதற்குத் தீனிதான். தேய்க்கத் தேய்க்க மூக்கும் விரலும் நகைச் செதுக்கலும் மழுங்கிப்போவதுதான் மிச்சம். கறுத்தோ கரும்பச்சையாகவோ கெட்டியாகப் படிந்த படலம் வேறு, அது சிலைக்குக் காப்பு. அதை விட்டுவிடுங்கள்.

சிலையை உலர்ந்த இடத்தில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்துவிட்டு, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அங்கே 1930-லேயே ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. எஸ்.பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைக் குணப்படுத்திய இடம் அது. அவரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டால் போதாதா? பழைய காகிதத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ஸ்கேன் கட்டாயம் வேண்டும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. அவற்றுக்கு ஒரு மைக்ரோஃபிலிம் சுருள் வேறொரு ஊரில் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் என் பணிக்காலத்தில் குறைவு. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எப்போதும் ஆபத்துதான்.

ஆனால் ஸ்கேன் எடுத்ததும் மூலத்தைத் தூக்கிப்போடலாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹார்ட் டிஸ்க்கும் சாகும், அதற்கும் தலைமுறைதோறும் பிரதி எடுத்தாக வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய சிடி ஒன்றை இப்போது திறந்து பாருங்கள், தெரியும். படத்தில் வராதவையும் நிறைய உண்டு. ஓலை நாட்டுப்பனையா சீதாளப்பனையா, துளை எங்கே போட்டிருக்கிறது, பின்னால் வந்த ஒருவர் வேறு எழுத்தாணியால் திருத்தியது எது என்பதெல்லாம் கையில் எடுத்துத் திருப்பினால்தான் பிடிபடும். நான் சொன்ன பக்கவாட்டு வெளிச்சம் இல்லாமல் ஸ்கேன் செய்த மையேறாத ஏட்டில் எழுத்தே வராது. மூலம் இருந்தால் நல்ல கருவி வந்த பிறகு மறுபடி எடுக்கலாம்.

கேள்வி: அப்பா 1950 முதல் சேர்த்த வார, மாத இதழ்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. தாள் பழுப்பேறி, திருப்பினால் உடைகிறது. வீட்டை விற்கப்போகிறோம். யார் வாங்கிக்கொள்வார்கள்? பைண்ட் செய்து கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பைண்ட் செய்ய வேண்டாம். அந்தக் காலத்து நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் செய்தது. அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் தாளைத் தானாகவே உடைய வைக்கும். பைண்டிங்கில் தைத்து இறுக்கினால் தையல் ஓரத்திலேயே ஒடியும். இங்கே பைண்டிங் மாவில் பூச்சிக்காக மயில்துத்தம் கலக்கும் வழக்கம் வேறு உண்டு, அதுவும் தாளை அரிக்கும். ஓரத்தை வெட்டிச் சீராக்கினால் விளம்பரமும் தேதியும் போய்விடும். அட்டைப்படத்தையும் விளம்பரப் பக்கத்தையும் யாரும் கிழிக்க விடாதீர்கள். ஆராய்ச்சிக்கு வருபவர்கள் கதையை விட அவற்றைத்தான் அதிகம் தேடுகிறார்கள்.

உங்களுக்குப் பக்கத்து ஊரான கோட்டையூரில் இருந்தவர்தான் ரோஜா முத்தையா. மற்றவர்கள் வீசி எறியும் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை உட்பட எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1994-இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. இன்று சென்னைத் தரமணியில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. முதலில் அவர்களுக்கு எழுதுங்கள்.

எழுதும் முன் ஒரு பட்டியல் போடுங்கள். இதழின் பெயர், ஆண்டு, மாதம், எது விடுபட்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் வரிசையாக இருந்தால் போதும். மூட்டையோடு கொண்டுபோய் இறக்கினால் எந்த நூலகமும் தயங்கும். பட்டியலைப் பார்த்தால் தங்களிடம் இல்லாத இதழ்களைச் சொல்லிக் கேட்பார்கள். அனுப்பும்போது சாக்கில் திணிக்காமல், அட்டைப்பெட்டியில் படுக்கைவசமாக அடுக்குங்கள். வீட்டை வாங்குபவரிடம் சாவி கொடுக்கும் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பழைய பேப்பர்காரர் வந்து நிற்கும் கடைசி வாரத்தில்தான் இப்படிப்பட்ட சேகரிப்புகள் பெரும்பாலும் போகின்றன.